'முதல்ல பணம் கட்டுங்க, அப்புறம் ஷூட்!' மாடலிங் மோசடியில் சிக்காமல் இருப்பது எப்படி?

"உங்க ப்ரொஃபைல் பார்த்தோம். ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு புதுமுகம் தேடுறோம். ஒரே நாள் ஷூட், நல்ல பேமென்ட். விருப்பம் இருந்தா போட்டோ அனுப்புங்க."

இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ இப்படி ஒரு மெசேஜ் வந்தால் யாருக்கும் மனசு ஒரு நொடி பறக்கத்தான் செய்யும். சென்னை, கோவை, திருப்பூர் என பல ஊர்களில் ஜவுளி, நகை, பின்னலாடை விளம்பரங்களுக்கு உண்மையிலேயே மாடல்கள் தேவைப்படுகிறார்கள். ஆன்லைன் விற்பனைக்கு ஒவ்வொரு சேலையையும் சுடிதாரையும் யாராவது உடுத்தி நின்றுதான் படம் எடுக்க வேண்டும். உண்மையான வாய்ப்பு இருப்பதால்தான் போலி வாய்ப்பும் எடுபடுகிறது.

இதில் போவது பணம் மட்டுமல்ல. அனுப்பிய போட்டோ, ஆதார் நகல், வீட்டு முகவரி எல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் கையில் சிக்குகிறது. "வீட்டுல தெரிஞ்சா என்ன ஆகும்" என்ற பயத்தில் பலர் வெளியே சொல்வதும் இல்லை. அந்த மௌனம்தான் மோசடி செய்பவர்களுக்கு பெரிய பாதுகாப்பு.

சரி, உண்மையான ஏஜென்சி எது, போலி எது? எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பணம் எந்தப் பக்கம் போகிறது?

மாடலிங் தொழிலில் பணம் வரும் பாதை எளிமையானது. விளம்பரம் தேவைப்படும் கடை அல்லது பிராண்ட் பணம் தருகிறது. அது விளம்பர நிறுவனம், ஏஜென்சி அல்லது கோஆர்டினேட்டர் வழியாக மாடலுக்கு வருகிறது. நடுவில் இருப்பவர் தன் கமிஷனை எடுத்துக்கொள்கிறார். அதாவது, மாடலுக்கு வேலை கிடைத்தால்தான் ஏஜென்சிக்கும் வருமானம்.

மோசடியில் இந்தப் பாதை அப்படியே தலைகீழ். பணம் மாடலிடமிருந்து ஏஜென்சிக்குப் போகும். கட்டணத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்: பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ கட்டணம், க்ரூமிங் கட்டணம், ஆர்ட்டிஸ்ட் கார்டு, காஸ்ட்யூம் டெபாசிட், இன்சூரன்ஸ், ஜிஎஸ்டி.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹோட்டல் ஹாலில் ஒரு நாள் 'ஆடிஷன்' நடக்கிறது. வந்தவர்களில் 20 பேர் ஆளுக்கு ரூ.25,000 கட்டினால், அன்று மாலைக்குள் ரூ.5 லட்சம் சேர்ந்துவிடும். இந்தப் பணத்துக்கு ஒரு விளம்பரம்கூட எடுக்கத் தேவையில்லை. அங்கே வாடிக்கையாளர் கடைக்காரர் அல்ல, ஆடிஷனுக்கு வந்த நீங்கள்தான்.

எனவே எந்த ஏஜென்சியிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "உங்களுக்கு வருமானம் யாரிடமிருந்து வருகிறது?"

எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள்?

1. போர்ட்ஃபோலியோ பேக்கேஜ்: அதிகம் பேர் சிக்குவது இதில்தான். "செலக்ட் ஆயிட்டீங்க, ஆனா எங்க போட்டோகிராபர்கிட்டதான் போர்ட்ஃபோலியோ எடுக்கணும்" என்பார்கள். பணம் கட்டினால் மேக்கப் போட்டு, படம் எடுத்து, ஆல்பமும் தருவார்கள். அதன்பிறகு அழைப்பு வராது. கேட்டால், "உங்க படத்தை கிளையன்ட்டுக்கு அனுப்பியிருக்கோம், வெயிட் பண்ணுங்க" என்ற பதில்தான். ஆல்பத்தைக் கொடுத்துவிட்டதால், "வேலை வாங்கித் தர்றோம்னு நாங்க சொல்லவே இல்லையே" என்று கைவிரிப்பதும் சுலபம்.

2. திரும்பத் தரும் டெபாசிட்: "ஷூட்டுக்கு வராம ஏமாத்துறவங்க அதிகம். அதனால ரூ.3,000 டெபாசிட், ஷூட் முடிஞ்சதும் பேமென்ட்டோட சேர்த்துத் தர்றோம்." தொகை சிறியது என்பதால் யோசிக்காமல் அனுப்பிவிடுவார்கள். பிறகு ஹோட்டல் ரூம், டிக்கெட், வரி என ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். "ஏற்கெனவே கட்டினது வீணாகிடுமே" என்ற எண்ணத்திலேயே மேலும் மேலும் கட்ட வைப்பார்கள்.

3. சம்பளம் அனுப்பும் க்யூஆர்: "அட்வான்ஸ் அனுப்புறோம், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்பார்கள். நினைவிருக்கட்டும்: யுபிஐ-யில் பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்றுதான் அர்த்தம்.

4. பெரிய பெயரில் போலி அழைப்பு: பிரபல கடை, பிராண்ட் அல்லது சினிமா நிறுவனத்தின் லோகோவைப் போட்டு 'காஸ்டிங் கால்' போஸ்டர் வரும். கீழே ஒரு மொபைல் எண்ணும் ஜிமெயில் முகவரியும் மட்டும் இருக்கும்.

5. போட்டோ கேட்டு மிரட்டல்: முதலில் சாதாரண படம் கேட்பார்கள். பிறகு "பாடி ஷேப் செக் பண்ணணும்", "கிளையன்ட் இன்டர்நேஷனல் பிராண்ட்" என்று அரைகுறை ஆடையில் படம் அல்லது வீடியோ கால். கடைசியில் அதையே வைத்து மிரட்டல். இதில் பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் குறிவைக்கப்படுகிறார்கள்.

6. வெளிநாட்டு ஷூட்: துபாய், மலேசியா, பாங்காக் என்று சொல்லி சுற்றுலா விசாவில் அனுப்ப முயல்வார்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது அந்த நாடுகளில் சட்டவிரோதம். அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டால், புகார் கொடுக்கவே பயப்படும் நிலைக்குத் தள்ளப்படுவீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் 1983-ம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின் கீழ் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் உள்ளது.

'அரசு பதிவு பெற்ற ஏஜென்சி' என்றால் நம்பலாமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இந்தியாவில் மாடலிங் ஏஜென்சிகளுக்கென்று தனிச் சட்டமோ, தனி லைசென்ஸ் முறையோ இல்லை. அப்படியானால் சுவரில் மாட்டியிருக்கும் சர்டிபிகேட் என்ன?

பெரும்பாலும் அது சிறு, குறு தொழில்களுக்கான 'உத்யம்' பதிவாக இருக்கும். தொழில் செய்பவர் தானே விவரம் கொடுத்து ஆன்லைனில் இலவசமாக எடுக்கக்கூடியது அது. ஜிஎஸ்டி எண் என்பது வரி கட்டுவதற்கான பதிவு. கம்பெனி பதிவு என்பது அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம். இவற்றில் எதுவும் "இவர்கள் மாடல்களுக்கு வேலை வாங்கித் தருகிறார்கள்" என்று அரசு கொடுத்த சான்று அல்ல.

ப்ளூ டிக்கும் அப்படித்தான். அடையாள அட்டையைக் காட்டி மாதச் சந்தா கட்டினால் இன்ஸ்டாகிராமில் யாரும் அதைப் பெற முடியும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மாடல்களுக்காகவே ஒரு சட்டம் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. மாடலைச் சேர்த்துக்கொள்வதற்காக ஏஜென்சி முன்பணமோ டெபாசிட்டோ வாங்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். இங்கே அப்படி ஒரு வேலி இல்லாததால், சரிபார்க்கும் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான்.

10 நிமிடத்தில் சரிபார்ப்பது எப்படி?

- பிராண்டிடமே கேளுங்கள். எந்தக் கடைக்கான ஷூட் என்கிறார்களோ, அந்தக் கடையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள். மெசேஜில் வந்த எண்ணுக்கு அல்ல. "இப்படி ஒரு ஷூட் இருக்கிறதா, இந்த கோஆர்டினேட்டர் உங்களுக்காக வேலை செய்கிறாரா?" என்று கேட்டால் போதும்.

- ஜிஎஸ்டி எண்ணைத் தேடுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் லாகின் இல்லாமலே 15 இலக்க எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயர், பதிவு செய்த தேதி, பதிவு இப்போது செயல்பாட்டில் உள்ளதா என்பது தெரியும். தமிழ்நாட்டு எண்கள் 33 என்று தொடங்கும். "15 வருஷமா இருக்கோம்" என்பவர் போன மாதம் பதிவு செய்திருந்தால், அந்த முரண்பாடு குறித்துக் கேளுங்கள்.

- இன்ஸ்டாகிராம் கணக்கின் வயதைப் பாருங்கள். 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற பகுதியில் எப்போது தொடங்கியது, எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது, எத்தனை முறை பெயர் மாற்றப்பட்டது என்பதெல்லாம் பெரும்பாலும் தெரியும்.

- படங்களைத் தேடுங்கள். "எங்க மாடல்கள்" என்று காட்டும் படத்தை கூகுள் லென்ஸில் போட்டால், வேறு யாருடைய பக்கத்திலிருந்து எடுத்தது என்பது சில நேரம் சிக்கிவிடும்.

- பழைய மாடல்களிடம் பேசுங்கள். அவர்கள் பெயர் சொல்லும் மாடல்களை நீங்களே தேடிப் பிடித்து, "வேலை கிடைத்ததா, சம்பளம் வந்ததா?" என்று கேளுங்கள். ஏஜென்சியே போன் போட்டுத் தரும் ஆளிடம் கேட்பது வீண்.

- அவசரப்படுத்தினால் விலகுங்கள். "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டணும், இல்லைன்னா வேற ஆளுக்குப் போயிடும்" என்பது நீங்கள் யோசிக்கவோ விசாரிக்கவோ கூடாது என்பதற்காகச் சொல்லப்படுவது.

போர்ட்ஃபோலியோவே வேண்டாமா?

வேண்டும், ஆனால் முதல் நாளே வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஏஜென்சிகள் கேட்பது 'டிஜிட்டல்ஸ்' அல்லது 'போலராய்ட்ஸ்' எனப்படும் சாதாரண படங்களைத்தான். வெள்ளைச் சுவர், பகல் வெளிச்சம், மேக்கப் இல்லாத முகம், உடலோடு ஒட்டிய ஒரு டீ-ஷர்ட், ஜீன்ஸ். முகம் நேராக, பக்கவாட்டில், முழு உயரம், தலைமுடி கட்டியபடி ஒன்று, விரித்தபடி ஒன்று. மொபைல் கேமராவே போதும். கூடவே உயரம், உடை அளவு, ஷூ அளவு ஆகியவை. இதைப் பார்த்தே உங்கள் முகம் எந்த வேலைக்குப் பொருந்தும் என்று முடிவு செய்துவிடுவார்கள்.

முதல் கட்டத்தில் உள்ளாடையில் படமோ வீடியோ காலோ கேட்க எந்தக் காரணமும் இல்லை.

பிறகு போர்ட்ஃபோலியோ தேவைப்பட்டால், போட்டோகிராபரை நீங்களே தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். வளர்ந்துவரும் போட்டோகிராபர், மேக்கப் ஆர்ட்டிஸ்ட், மாடல் மூவரும் பணம் வாங்காமல் சேர்ந்து படம் எடுத்து, ஆளுக்கு ஒரு செட் வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அதிலும்கூட, படங்களை எங்கே பயன்படுத்தலாம் என்பதை மெசேஜிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அழகிப் போட்டிகளில் நுழைவுக் கட்டணம் வாங்குவது உண்டு. அது மட்டுமே மோசடிக்கு அடையாளம் ஆகாது. ஆனால் கட்டணத்தில் என்னென்ன அடங்கும், பணம் திரும்பக் கிடைக்குமா, பரிசை யார் தருகிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். பணம் கட்டிய எல்லோருக்கும் ஏதோ ஒரு 'டைட்டில்' கிடைக்கிறது என்றால், கிரீடத்தை நீங்கள்தான் விலைக்கு வாங்குகிறீர்கள்.

நேரில் கூப்பிட்டால்?

வீட்டிலோ நண்பரிடமோ முகவரியும் லைவ் லொகேஷனும் கொடுத்துவிட்டுப் போங்கள். முதல் சந்திப்புக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். "தனியா வந்தாதான் ஆடிஷன்" என்றால் அந்த ஆடிஷனே வேண்டாம். ஹோட்டல் அறை, தனி வீடு, இரவு நேரம் ஆகியவற்றைத் தவிருங்கள். உடை மாற்றும் அறையில் நுழைந்ததும் கண்ணாடி, ஹேங்கர், சார்ஜர் பிளக் போன்றவற்றை ஒருமுறை பாருங்கள். அடையாள ஆவணம் கட்டாயம் என்றால், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். அதை ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம்.

கையெழுத்து போடும் முன்...

ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க விடுகிறார்களா என்று பாருங்கள். விடவில்லை என்றால் அதுவே பதில். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை:

- எத்தனை ஆண்டுகள்? அந்த ஏஜென்சிக்கு மட்டும்தான் வேலை செய்ய வேண்டுமா?
- கமிஷன் எத்தனை சதவீதம்? ஷூட் முடிந்து எத்தனை நாளில் பணம் வரும்?
- படம் எங்கே, எவ்வளவு காலம் பயன்படும்? கடை போர்டு, டிவி, ஆன்லைன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேசலாம்.
- நடுவில் விலகினால் அபராதம் உண்டா?
- உங்கள் முகத்தை வைத்து ஏஐ படங்கள் உருவாக்க அனுமதி கேட்கிறார்களா? "எல்லா தொழில்நுட்பத்திலும், நிரந்தரமாக" என்ற ஒற்றை வரியில் இது ஒளிந்திருக்கலாம்.

வெற்றுத் தாளிலோ நிரப்பாத காசோலையிலோ கையெழுத்து போடவே கூடாது. 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது.

குழந்தைகளை மாடலாக்க விரும்பும் பெற்றோருக்கு

"உங்க பாப்பா ரொம்ப க்யூட், விளம்பரத்துக்கு சூப்பரா இருப்பா" என்று ஷாப்பிங் மாலில் விசிட்டிங் கார்டு நீட்டுவார்கள். பெற்றோர் சட்டென்று கரைவது இங்கேதான். ஆனால் குழந்தைகள் விளம்பரத்தில் நடிக்க சட்டத்தில் தெளிவான விதிகள் இருக்கின்றன. குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017-ல் செய்த திருத்தத்தின்படி:

- தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும்.
- ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.
- தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.
- வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும்.

ஏஜென்சியிடம் "ஆட்சியர் அனுமதி யார் வாங்குவாங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். முறையாக வேலை செய்பவர் விளக்குவார். மற்றவர் பேச்சை மாற்றுவார். குழந்தையின் படங்களை முன்பின் தெரியாத வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புவதையும் தவிருங்கள்.

பணம் போய்விட்டதா? உடனே செய்ய வேண்டியவை

1930-க்கு போன் செய்யுங்கள். இது தேசிய சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் முடக்க வாய்ப்பு அதிகம். யுபிஐ பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். உங்கள் வங்கிக்கும் தகவல் சொல்லுங்கள்.

எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் சாட்டை டெலிட் செய்துவிட்டால் ஆதாரம் போச்சு. மெசேஜ், ப்ரொஃபைல் லிங்க், போன் எண், ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

போலீஸ் புகார்: ஏமாற்றிப் பணம் பறித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. இன்னொருவர் பெயரில் ஆன்லைனில் ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் வரும். சம்பவம் வேறு ஊரில் நடந்தது என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் 'ஜீரோ எஃப்ஐஆர்' பதியலாம்.

நுகர்வோர் புகார்: ஆல்பம் கொடுத்துவிட்டு கைவிரித்த ஏஜென்சி மீது குற்ற வழக்கு நிற்பது கடினமாகலாம். அப்போது நுகர்வோர் ஆணையம் கைகொடுக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டிய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் புகார் கொடுக்க கட்டணம் கிடையாது. "வேலை உறுதி" என்று அவர்கள் அனுப்பிய ஒரு மெசேஜ் இங்கே பெரிய ஆதாரம்.

போட்டோவை வைத்து மிரட்டினால்?

முதலில், பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகைதான் ஏறும்.

அந்தரங்கப் படத்தை அனுமதி இல்லாமல் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67, 67ஏ பிரிவுகளில் குற்றம். மிரட்டிப் பணம் கேட்பது தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் போக்சோ சட்டமும் பாயும்.

படம் பரவாமல் தடுக்கவும் வழி இருக்கிறது. 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற இலவச சேவையில், உங்கள் படம் போனை விட்டு வெளியே போகாமலே அதற்கு ஒரு டிஜிட்டல் ரேகை உருவாக்கப்படும். இந்தச் சேவையில் இணைந்துள்ள சமூக வலைதளங்கள் அந்தப் படத்தைக் கண்டறிந்து தடுக்க அது உதவும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற சேவை உள்ளது. ஏற்கெனவே வெளியாகிவிட்டால், பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் புகாரின் மீது அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் சமூக வலைதளம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ம் ஆண்டின் ஐடி விதிகள் கெடு நிர்ணயித்தன.

பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படப் புகார்களை சைபர் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்களும் இருக்கின்றன.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வந்து நடந்ததைச் சொன்னால், "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று தொடங்காதீர்கள். மிரட்டுபவர் நம்பியிருப்பதே அந்தக் கேள்வியைத்தான். பிள்ளை சொன்ன அந்த நிமிடமே 1930-ஐ அழைத்தால், பணத்தையும் படத்தையும் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கலாம்.